ஐம்பதில் ஒட்டிய சிவப்பு டேப்

“அவசரம்னு ஒண்ணு வந்தா இந்த வண்டி இழுக்காது, பாத்துக்கங்க.”

காலையில் டீத் தம்ளரைக் கையில் வாங்கும்போது ஒரு தடவை. மிளகாய் மூட்டையை ஏற்றி முடித்ததும் ஒரு தடவை. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, பக்கத்து நாற்காலிக்காரர் யாரென்றே தெரியாவிட்டாலும், அவரிடம் ஒரு தடவை. அய்யாவின் இந்தப் புலம்பலை நான் அச்சு அசலாகச் செய்து காட்டுவேன். ‘இழுக்காது’ வரும்போது குரல் மேட்டில் ஏறும் கிழட்டு வண்டி மாதிரி திணற வேண்டும். ‘பாத்துக்கங்க’வில் பாதி வழியில் நின்றுவிட வேண்டும். அம்மா அடுப்படியில் இருந்து சிரிப்பாள். அய்யா மட்டும் சிரிக்க மாட்டார்.

“நல்லாத்தான் பண்ற தாயி. அவசரம் வரும்ல, அப்பப் பண்ணு, பாப்போம்.”

அய்யா என்றால் என் அப்பா. பெயர் நாகநாதன். ராமநாதபுரம் ஜில்லாவில், சிக்கல் என்ற ஊரில் இருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். நாலு ஏக்கரில் குண்டு மிளகாய். ஆள் ஆறடி, மீசை இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் நடுவே தாராளமாகக் கிடக்கும். பார்த்தால் எதிரே வருகிறவன் ஒதுங்கிப் போவான். ஆனால் அய்யா பயப்படாத பொருள் என்று இந்த ஜில்லாவில் ஒன்று கிடையாது. பம்பு செட் சுவிட்சை ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, காய்ந்த குச்சியால்தான் தட்டுவார். மின்னல் வெட்டினால் வீட்டில் உள்ள மூன்று செல்போனையும் அணைத்து அரிசி டின்னுக்குள் புதைப்பார். பாம்பன் பாலத்தில் வண்டி ஏறியதும் நாலு கண்ணாடியையும் இறக்கச் சொல்வார்.

“கடல்ல விழுந்தா நீந்தி வெளிய வரணும்ல?”

“உங்களுக்குத்தான் நீச்சலே தெரியாதே?” என்பாள் அம்மா.

“உள்ள கெடந்து சாகுறதுக்கு வெளிய வந்து சாகலாம்ல?”

இதுதான் அய்யா. பயப்படுவார், ஆனால் பதில் சொல்லாமல் விட மாட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அம்மா சொன்ன ஒரு சொல்லுக்கும் அவரிடம் பதில் இல்லாமல் போனதில்லை. தூக்கத்தில் அம்மா ஏதாவது உளறினால்கூட, தூக்கத்திலேயே ஒரு பதில் வரும்.

எல்லாப் பயத்துக்கும் மேலே பாம்புப் பயம். வெயில் தார் உருக்கும் பங்குனியிலும் முழங்கால் வரைக்கும் ரப்பர் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் மிளகாய்க் கொல்லைக்குப் போவார். மழையே இல்லாத காலத்தில் கம்பூட்ஸ் போட்டு நடக்கிற ஒரே விவசாயி என்று ஊரே சிரிக்கும். நானும் அந்த நடையை நடந்து காட்டியிருக்கிறேன், சளக் புளக் என்று.

ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதை மட்டும் நான் நடித்துக் காட்டுவதில்லை.

அய்யாவுக்கு மாரீஸ்வரன் என்று ஒரு தம்பி இருந்தார். நான் பிறப்பதற்கு முன்னால், இருபத்திரண்டு வயசில், மிளகாய்க் கொல்லையில் அவரைப் பாம்பு கடித்தது. அன்றைக்கு ஊரில் இருந்த ஒரே வண்டி டிராக்டர். டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பி, தம்பி தலையை மடியில் வைத்துக்கொண்டு அய்யா உட்கார்ந்திருக்கிறார். வேகமாப் போ, வேகமாப் போ என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். டிராக்டர் அதன் வேகத்தில்தான் போனது. ராமநாதபுரம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், “மடியில தல கனத்துருச்சு” என்பார். அதற்கு மேல் அய்யா சொல்ல மாட்டார், நாங்களும் கேட்க மாட்டோம்.

அதனால்தான் கார். ராமேஸ்வரத்தில் ஒருவர் யாத்திரைக்காரர்களை ஏற்றி இறக்கிக் களைத்துப்போன, எண்ணூறு சிசி சின்னக் கார். கடல் உப்பு தின்றது போக மீதி. பின்பக்கத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. குனிந்தால் அதன் வழியே ரோடு ஓடுவது தெரியும். எழுபதைத் தொட்டால் வண்டி முழுக்கக் குளிர்க் காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கும். அய்யாவின் புலம்பல் ஆரம்பித்தது அந்த எழுபதில்தான்.

புலம்பலுக்கு மருந்து கொடுக்க வந்தவர் ரிஃபாய். புதுமடத்துக்காரர், உச்சிப்புளி ரோட்டோரம் தகர ஷெட் போட்டு மெக்கானிக் வேலை பார்க்கிறவர். திருவிழா மைக்கில் டெஸ்டிங் சொல்கிறவர் மாதிரி பேசுவார். ஒரே மூச்சு, கமா கிடையாது.

“இன்ஜின் அதேதாண்ணே, ஆர்.டி.ஓ. கேட்டாலும் நம்பர் அதேதான், உள்ள மட்டும் வேலை, ஹெட்டைக் கழட்டி லேத்துல குடுத்து முடியளவு உரசுனா அமுக்கம் ஏறும், காத்து உள்ள போற வழியப் பெருசாக்குறோம், புகை வெளிய போற வழியையும் பெருசாக்குறோம், நல்லா மூச்சு விட்டா நல்லா ஓடும், மனுசன் மாதிரிதான், இன்ஷா அல்லாஹ் பிச்சுக்கிட்டுப் போகும்.”

“நிக்குமா?” என்றார் அய்யா.

“எது?”

“ஓடும் ஓடும்ங்கிறியே தம்பி, நிக்குமா?”

ரிஃபாய் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். “பத்து வருசமா இந்த வேலை பாக்குறேன். வேகம் வேணும்னு வருவாக. சத்தம் வேணும்னு வருவாக. நிக்குமான்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதாண்ணே.”

அய்யா சொன்னபடி முதலில் பிரேக்தான் மாறியது. பெரிய வண்டியில் இருந்து எடுத்த டிஸ்க்கு, புது ஆயில் பைப்பு, அகலமான டயர். அதற்குப் பிறகுதான் இன்ஜினைத் தொடவே விட்டார். இரண்டு மாதம் வண்டி உச்சிப்புளியில் பிரிந்து கிடந்தது. அய்யா பஸ் ஏறிப் போய், கை கட்டிக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவர் மாதிரி நிற்பார்.

ஒரு நாள் ரிஃபாய் வாய் தவறி, “வெயிட்டக் கொறைச்சா இன்னும் நல்லாப் போகும்ணே” என்று சொல்லிவிட்டார். போச்சு. மிளகாய் மூட்டை நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசை வீட்டில் இருந்து தூக்கிக்கொண்டு போய் ஷெட்டில் வைத்தார் அய்யா. வண்டியில் இருந்து கழற்றிய ஒவ்வொன்றும் அதில் ஏறி இறங்கியது. பின் சீட்டு, கால் மிதி, கூரைத் துணி, கதவுக்கு உள்பக்க அட்டை. சாம்பல் போடுகிற கிண்ணத்தைக்கூட விடவில்லை. முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையாரையும் எடுத்து வைத்து நிறுத்தார். நூற்று நாற்பது கிராம். கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்ப ஒட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து தானும் தராசில் ஏறிப் பார்த்துவிட்டு, சிக்கலில் பரோட்டா சாப்பிடுவதை நிறுத்தினார்.

“நான் ஒரு கிலோ கொறைஞ்சா வண்டிக்கு லாபம்தான?”

“அப்ப என்னையும் சீட்டோட கழட்டிப் போட்டுருவீக” என்றாள் அம்மா.

“ஒன்னையக் கழட்டுனா மூட்டைய யாரு தூக்குறது?”

கடைசியில் அந்தத் தரை ஓட்டை வந்தது. ரிஃபாய் தகரம் வெட்டித் தயாராக வைத்திருந்தார், பற்ற வைப்பதுதான் பாக்கி. அய்யா தகரத்தைத் தராசில் வைத்தார்.

“ரெண்டு கிலோ! வேணாம் தம்பி. தகரத்துக்குத்தான் வெயிட்டு. ஓட்டைக்கு ஏது வெயிட்டு?”

“அண்ணே, சைலன்சர் பைப்பை அந்தப் பக்கமாத்தான் சைடுல எடுத்து விடுறேன். ஓடுனா பைப்பு நெருப்பா இருக்கும்.”

“நெருப்பு கீழ. நாம மேல. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

ஓட்டை அது பாட்டுக்கு இருந்தது.

வண்டி தயாரான அன்று மண்டபம் போகிற நேர் ரோட்டில் ரிஃபாய் ஓட்டிக் காட்டினார். அய்யா முன்னால், நான் பின்னால் வெறும் தரையில். முன்பெல்லாம் அந்த வண்டி ‘வாரேன்... வாரேன்... இரு வாரேன்...’ என்று முனகிக்கொண்டு வரும். இப்போது வாயைத் திறந்ததும் ‘எவன்டா அவன்’ என்றது. அறுபது, எண்பது, நூறு. அய்யா ஒரு கையால் மேல் பிடியையும், ஒரு கையால் பிள்ளையாரையும் பிடித்துக்கொண்டார். நூற்றுப் பத்தில் கண்ணை மூடிவிட்டார். வண்டி நின்றதும் இறங்கி, ரோட்டோர மணலில் உட்கார்ந்து, தலையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

“இழுக்குதாண்ணே?”

“இழுக்குது.”

“நீங்க ஒரு தடவ ஓட்டிப் பாருங்களேன்.”

“எதுக்கு?”

அன்றைக்கு அய்யா வீடு வரைக்கும் நாற்பதில் ஓட்டி வந்தார். மினி பஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஷேர் ஆட்டோ தாண்டிப் போனது. மீன் கூடை மூன்று கட்டிய மொபெட் ஒன்று தாண்டிப் போகும்போது, ஓட்டியவர் எங்கள் வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அய்யா கரண்டு வேலைக்கு வைத்திருக்கும் சிவப்பு டேப்பைக் கிழித்து, வேகம் காட்டும் கண்ணாடியில் ஐம்பதுக்கு நேராக ஒட்டினார். அந்த முள் அதற்குப் பிறகு அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

புலம்பலாவது நின்றதா என்றால், அதுவும் இல்லை.

“அதான் மாத்தியாச்சே?” என்பாள் அம்மா.

“அன்னைக்கு இழுத்துச்சு. அவசரத்துக்கு இழுக்கணும்ல?”

*

பங்குனியில் எங்கள் பக்கம் ரோட்டில் பாதி மிளகாய்க்குத்தான். புதுத் தார் ரோடு போட்டதும் களம் போதாதவர்கள் எல்லாரும் அதில்தான் காயப் போடுவார்கள். ஒரு பக்கம் சிவப்பாகப் பரப்பி, ஓரத்தில் கல் அடுக்கிவிட்டால் வண்டிகள் மறுபக்கம் ஒதுங்கிப் போகும். எல்லாரும் அவரவர் கொல்லைக்கு எதிரே பரப்புவார்கள். அய்யா மட்டும் பாதியைக் கொல்லைக்கு எதிரேயும், மீதிப் பாதியை நாலு கிலோமீட்டர் தள்ளிப் பெரிய ரோடு சேருகிற இடத்துக்குப் பக்கத்திலும் பரப்புவார். “ஒரே எடத்துல போட்டு ஒரு லாரி ஏறுனா எல்லாம் போச்சுல்ல?”

அன்று காலை பத்து மணி. நான் பரீட்சை லீவில் வீட்டில் இருந்தேன். பெரிய ரோட்டுப் பக்கம் போட்டிருந்ததைத் திறந்து விட்டுவிட்டு, மூன்று பேரும் கொல்லைக்கு எதிரே வந்து, ராத்திரி மூடிய தார்ப்பாயை எடுக்கப் போனோம். அய்யா வழக்கம்போல கம்பூட்ஸோடு தார்ப்பாயைச் சுற்றி வந்து, கம்பால் மூன்று இடத்தில் தட்டினார். ஒன்றும் வரவில்லை. அப்புறம் குனிந்து, ஓரத்தில் வைத்திருந்த கல்லைத் தூக்கினார்.

அது கல்லுக்கு அடியில் இருந்தது. கம்பூட்ஸ் இருந்தது காலில். அது பிடித்தது விரலை.

அய்யா கத்தவில்லை. கல்லை எடுத்த இடத்திலேயே, மெதுவாக, திரும்ப வைத்தார். “செவ்வந்தி” என்று அம்மாவைக் கூப்பிட்டார். எத்தனையோ குரல் எனக்கு வரும். அந்தக் குரல் வராது.

சுருண்டு சுருண்டு, உடம்பை உரசிச் சத்தம் போட்டுக்கொண்டு போனதை அம்மா பார்த்துவிட்டாள். “சுருட்டை விரியன்” என்றாள். நான் ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். பக்கத்து வண்டி ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கிறது, அடுத்தது வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். திரும்பிப் பார்த்தால் அம்மா வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும். காரை வற்றிய கண்மாய்க்குள் பத்துப் பன்னிரண்டு தடவை சுற்றியிருக்கிறாள். எனக்கு அதுவும் தெரியாது. நான் இடித்துவிடுவேன் என்ற பயத்தில் அய்யா சொல்லிக் கொடுக்கவே இல்லை.

“கட்டு தாயி, இறுக்கிக் கட்டு” என்று கையை நீட்டினார்.

“இறுக்கக் கூடாதுய்யா. ஆட்டாம வைக்கணும், அம்புட்டுத்தான்.” மோதிரத்தைக் கழற்றினேன். விரல் ஏற்கெனவே வீங்க ஆரம்பித்திருந்தது. தட்டிப் பார்த்த அந்தக் கம்பையே முறித்துக் கையோடு வைத்துத் துண்டால் சுற்றினேன். இரண்டு தடவை அவிழ்ந்து போனது.

அம்மா காரைக் கொண்டுவந்ததும், பின் சீட்டு இல்லாத தரையில் காலிச் சாக்குகளை விரித்து அய்யாவைப் படுக்க வைத்தோம். தலை என் மடியில். அம்மா கியரைப் போட்டாள், வண்டி பாய்ந்தது.

“இப்படித்தான் கெடந்தான்” என்றார் அய்யா.

“பேசாம வாங்கய்யா” என்று சொல்ல வந்து, சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன். பேச வேண்டும். இவர் பேசாமல் போனால்தான் பயம்.

நல்ல வேளை, இரண்டு சீட்டுக்கும் நடுவில் அவருக்கு அந்த முள் தெரிந்தது.

“செவ்வந்தி! டேப்பு! டேப்பைத் தாண்டுது!”

“எந்த டேப்பு?”

“அம்பது! செவப்பு டேப்பு!”

“அதுக்கென்ன இப்ப?”

“எம்பது! அடியே எம்பது! பாம்பு கடிச்சுச் செத்தாலும் முழு ஒடம்பா சாகவிடுடி!”

டிராக்டர் ஓட்டிப் பழகிய கால் அது. போனால் போய்க்கொண்டே இருக்கும். தொண்ணூறு வந்தபோது, பெரிய ரோடு சேரப்போகிற இடத்தில், ரோட்டில் ஆடுகள். ஒரு கிடை ஆடு. மிளகாய் இல்லாத பாதியை முழுக்க அடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. அம்மா பிரேக்கை மிதித்தாள்.

நின்றது. ஆணி அடித்த மாதிரி நின்றது. நானும் அய்யாவும் சாக்கோடு சறுக்கிப் போய் முன் சீட்டில் மோதினோம். முதல் ஆட்டுக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும்.

“பாத்தியா? பிரேக்கு! நான் கேட்டு வாங்குனது!” அந்த நிலைமையிலும் அய்யாவுக்குப் பெருமை.

ஆடுகள் விலகுவதாக இல்லை. ஓட்டி வந்தவர் எங்கோ பின்னால் கம்பை ஆட்டிக்கொண்டு வந்தார். இடது பக்கம் மிளகாய், இருபதடிக்குச் சிவப்பாக. கல் அடுக்கின் ஓரத்தில் நீலத் தார்ப்பாய் மடித்துக் கிடந்தது. அம்மா ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தாள்.

அய்யா தலையைத் தூக்கிப் பார்த்தார். “அது நம்ம மொளகா!”

“தெரியும்” என்றாள் அம்மா.

கல் ஒன்று அடியில் தட்டியது. அப்புறம் குண்டு மிளகாய் சக்கரத்துக்கடியில் பட்பட்டென்று வெடித்தது, சரவெடி மாதிரி. காய்ந்து, உருண்டையாக, கோலிக்குண்டு போலக் கிடந்ததில் வண்டி ஒரு பக்கமாக வழுக்கியது. அம்மா காலை எடுக்கவில்லை. டயர் மறுபடி தார் ரோட்டைப் பிடித்ததும் வண்டி சீறிக்கொண்டு முன்னால் போனது.

அரை நிமிஷம் கழித்துத்தான் அது வந்தது.

தரை ஓட்டை வழியே முதலில் சிவப்புத் தூசி. அதற்குப் பின்னால் பைப்பில் ஒட்டிக் கருகிய மிளகாய்ப் புகை. தாளிக்கும்போது ஒரு மிளகாய் கருகினாலே வீடே இருமும். இங்கே எத்தனை கிலோ கருகியது என்று அந்தத் தராசுக்குத்தான் தெரியும். கமறல் தொண்டையைப் பிடித்தது. கண் திறக்க முடியவில்லை. அம்மா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, கண்ணீர் காற்றில் பறக்க, இருமிக்கொண்டே ஓட்டினாள். நான் ஒரு சாக்கை இழுத்து ஓட்டை மேல் போட்டு, அதன் மேல் காலை ஊன்றினேன். பைப்புச் சூடு செருப்பைத் தாண்டி வந்தது. உள்ளே நிறைந்தது நிறைந்ததுதான்.

“கண்ணு எரியுது” என்றார் அய்யா. “மூச்சு முட்டுது. ஒதடு மரத்துப் போச்சு. ஏறிருச்சு தாயி. வெசம் ஏறிருச்சு.”

“அது மொளகாய்யா.”

“மொளகாய எனக்குத் தெரியாதா? இது வேற.”

எனக்கும் கண் எரிந்தது, மூச்சு முட்டியது, உதடு எரிந்து மரத்துப்போய் இருந்தது. ஆனால் என்னைப் பாம்பு கடிக்கவில்லை. இவருக்கு இருப்பதில் எவ்வளவு மிளகாய், எவ்வளவு விஷம் என்று எதை வைத்துப் பிரிப்பது? “அம்மா, ஒனக்கு ஒதடு மரத்துப் போச்சா?” என்று கத்தினேன். அம்மாவுக்கு இருமல்தான் வந்தது. அய்யாவின் ஈறில் லேசாகச் சிவப்பு தெரிந்தது. அது ரத்தமில்லை, மிளகாய்த் தூசி என்று சொல்லிக்கொண்டேன். துண்டு முனையால் துடைத்தேன். திரும்பவும் சிவந்தது.

“அய்யா.”

பதில் இல்லை.

“அய்யா! அம்மா நூறுல போறா பாருங்க!”

பதில் இல்லை. மடியில் தலை இருந்தது. அது கனக்கிறதா, முன்னால் இருந்ததைவிடக் கனக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. என்ன செய்வது என்று தோன்றாமல், எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். அழுகையும் இருமலுமாக, மேட்டில் ஏறும் கிழட்டு வண்டிக் குரலில், “அவசரம்னு ஒண்ணு வந்தா இந்த வண்டி இழுக்காது, பாத்துக்கங்க” என்றேன்.

உதடு அசைந்தது. நான் காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

“இழுக்குதுல்ல...”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அய்யா வாயைத் திறக்கவில்லை. நான் அந்தத் தலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனேன், மடியில் கனக்கக் கூடாது என்று.

*

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டரம்மா. மூன்று பேரும் கண்ணிலும் மூக்கிலும் ஒழுக, முகம் சிவந்து வீங்கி உள்ளே போனதும் திகைத்துவிட்டார்.

“யாரைக் கடிச்சுச்சு? மூணு பேரையுமா?”

“இவுகளத்தான்.”

“அப்ப நீங்க ரெண்டு பேரும்?”

“மொளகா” என்றாள் அம்மா. பக்கத்தில் வந்த நர்ஸ் அடுக்கடுக்காக ஐந்து தும்மல் போட்டார்.

கையில் இருந்து ரத்தத்தை எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். இருபது நிமிஷம் அதை ஆட்டக் கூடாது. அதற்குள் உறைந்தால் நல்லது. உறையாவிட்டால் விஷம் ரத்தத்தில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அத்தனை வேகத்தில் வந்துவிட்டு, அந்தக் குழாய்க்கு முன்னால் நானும் அம்மாவும் அசையாமல் நின்றோம். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குழாயைத்தான் பார்த்தாள்.

டாக்டரம்மா குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது.

விஷமுறிவு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அய்யாவுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, பழைய எழுபதில் அந்த வண்டி நடுங்கிய மாதிரி. மருந்துக்கு இப்படி வருவது உண்டு என்று சொல்லி, மருந்தை நிறுத்தி, ஊசி போட்டு, திரும்ப ஏற்றினார்கள். நடுக்கம் அடங்கியது. “நேரத்தோட கொண்டாந்துட்டீங்க. ஆறு மணி நேரம் கழிச்சு மறுபடி ரத்தம் பாப்போம். அதுல உறையணும்” என்றார் டாக்டரம்மா.

அய்யா கண்ணைத் திறந்துதான் கிடந்தார். பேசவில்லை. கூரையில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரணமாக, அது கழன்று விழும் என்று கட்டிலை நகர்த்தச் சொல்லியிருப்பார்.

அம்மா முந்தானையால் அவர் மீசையில் ஒட்டியிருந்த மிளகாய் விதையை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“பாதி மொளகா போச்சு” என்றாள்.

பதில் இல்லை.

“அந்த ஓட்டைய அடைக்கச் சொன்னப்ப அடைச்சிருக்கலாம்.”

பதில் இல்லை.

“சரி, பரோட்டா வாங்கியாரச் சொல்லவா? இனிமே வெயிட்டு ஏறுனா ஏறட்டும்.”

அதற்கும் இல்லை. அம்மா எழுந்து வராந்தாவுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். தொண்ணூறிலும் நூறிலும் காலை எடுக்காதவள், அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்குறாக சிநேகா” என்றாள். “இருபத்திரெண்டு வருசத்துல இப்படி இருந்ததில்ல.”

சாயங்காலம் ஆகியும் அய்யா வாய் திறக்கவில்லை. ரிஃபாய் புதுமடத்தில் இருந்து ஓடி வந்து கட்டில் பக்கத்தில் நின்று, முதல் தடவையாகப் பேச்சில் கமா, முற்றுப்புள்ளி எல்லாம் வைத்து, “அண்ணே. வண்டி. எப்படிண்ணே இருந்துச்சு?” என்று கேட்டார். அய்யா அவரைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ரிஃபாய் வெளியே போய் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து மணிக்கு இரண்டாவது குழாய். மறுபடி இருபது நிமிஷம். அம்மா இந்தத் தடவை பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான்தான் பார்த்தேன். டாக்டரம்மா சாய்த்தார். ஓடவில்லை. இன்னும் சாய்த்தார். தலைகீழாகவே கவிழ்த்தார். கட்டியாக, அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

“நின்னுருச்சும்மா” என்றேன்.

அம்மா கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மிளகாய்க் கை, திரும்பவும் கண் எரிந்து ஒழுகியது. அதோடேயே அய்யாவை முறைத்தாள்.

“வேகமாப் போகணும்னுதான வண்டியப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டுனீக? சீட்டக் கழட்டி, சாமியக் கழட்டித் தராசுல வச்சீக? ஒரே ஒரு நாளு வேகமாப் போனதுக்கு வழி பூரா அந்தக் கத்துக் கத்துனீகளே, ஏன்?”

அய்யா ஃபேனில் இருந்து கண்ணை எடுத்தார். அம்மாவைப் பார்த்தார். காய்ந்த உதட்டை நாக்கால் ஒரு தடவை நனைத்துக்கொண்டார்.

“வேகமாப் போற வண்டி வேணும்னுதான்டி சொன்னேன். வேகமாப் போகணும்னு எப்படி சொன்னேன்?”